ஓடாமல் இருக்கத் தேவையான பலம்

அந்தத் தெருவில் ஒருவரும் எதையும் திருட மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் காவல் குழுவுக்குப் பெரிய மனக்குறையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மூலை வீட்டு மதில்மேல் ஒரு கைப்பையை வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு பயல் தொடவில்லை. காய்கறி வாங்கி வந்த ஒரு பெண்மணி பையைப் பார்த்தாள், அக்கம்பக்கம் பார்த்தாள், "யாருதுங்க இது?" என்று காற்றைக் கேட்டாள், போய்விட்டாள். ஒருவன் அந்தப் பைக்குப் பக்கத்திலேயே மதிலில் சாய்ந்து நின்று ஒரு சிகரெட்டை அணு அணுவாக ரசித்துக் குடித்து முடித்தான். பையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன்மேல் குழுவுக்கு வந்த ஆத்திரம் கொஞ்ச நஞ்சமில்லை.

பை மருந்தக்காவுடையது. மருந்துக்கடையில் வேலை பார்த்ததால் தெருவே அவளை மருந்தக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதில் பெரியவர்களுக்கும் அவள் அக்காதான். டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்க வேண்டுமே.

போன மழைக்காலத்தில், வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தவளின் தோளிலிருந்து பைக்கில் வந்த ஒருவன் பையைப் பிடுங்கினான். வார் கையில் சுற்றிக்கொண்டது. பையோடு அவளும் போனாள். பால்கடை வாசல் வரை ரோட்டில் இழுபட்டாள். அதன் பிறகுதான் வார் அறுந்தது. வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகக் கூடியது. இப்போது அவளால் ஒரு சிரப் பாட்டிலின் மூடியைத் திருக முடியாது. "இதக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்" என்று வாங்க வந்தவரிடமே நீட்டுவாள். நீட்டும்போதெல்லாம் மனதுக்குள் ஒருவனைத் தரையில் போட்டு மிதிப்பாள். பிடுங்கியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், அதனால் அவனுக்கு முகம் கிடையாது. எந்த முகமாக இருந்தாலும் அவளுக்குச் சம்மதம் என்ற நிலைக்கு அவள் எப்போதோ வந்துவிட்டிருந்தாள். போலீஸில் எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, தகவல் வந்தால் சொல்கிறோம் என்றார்கள். வரவில்லை.

அப்போதுதான் அவள் வீட்டுக்காரர் குழுவை ஆரம்பித்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்... கிளட்ச்..." என்று நாளெல்லாம் கத்திக் கத்தி, அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கூடச் சேர்ந்தவர் எதிர்வீட்டு ஜிம் மாஸ்டர். உடம்பை இவ்வளவு வளர்த்தாகிவிட்டது, இதை எங்கே கொண்டுபோய் உபயோகிப்பது என்று தவித்துக்கொண்டிருந்த மனுஷன். மூளைக்கு, கோர்ட் அமீனாவாக இருந்த பெரியவர்.

அமீனா கோர்ட்டில் ஜப்தி உத்தரவை எடுத்துக்கொண்டு போய், வீடு வீடாகக் கட்டிலையும் பீரோவையும் தூக்கி வந்து ஓய்வு பெற்றவர். அழுகிற பெண்களுக்கு முன்னால் நின்று நிதானமாகச் சட்டம் வாசித்துப் பழகிய குரல் அவருடையது. அந்தக் குரலில்தான் மருந்தக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆரம்பப் பாடத்தை நடத்தினார்.

"கண்ணு முன்னால குத்தம் நடந்தா யார் வேணும்னாலும் பிடிக்கலாம். போலீஸ்தான் பிடிக்கணும்னு இல்ல. ஆனா கண்ணால பாத்திருக்கணும். அவன் சொன்னான், இவன் சொன்னான், மூஞ்சியப் பாத்தா திருடன் மாதிரி இருந்துச்சு, இதெல்லாம் செல்லாது. பிடிச்ச உடனே போலீஸ்ல ஒப்படைச்சிடணும். நடுவுல அடிக்கக் கூடாது. ஓடாம இருக்கத் தேவையான பலம் மட்டும் உபயோகிக்கலாம்."

"நம்ம கண்ணு முன்னால எவன் சார் வந்து திருடுவான்?" என்றார் ஜிம் மாஸ்டர்.

"திருட வைக்கணும், தம்பி."

அப்படித்தான் பை மதிலேறியது. அதிலும் அமீனாவுக்கு ஒரு நுணுக்கம் இருந்தது. "வெறும் பைய வெச்சா, கீழ கெடந்துச்சு, எடுத்தேன்னு சொல்லி நழுவிடுவான். உள்ள உரிமைக்காரங்க அடையாளம் ஏதாவது இருக்கணும். யாருதுன்னு தெரிஞ்சேதான் எடுத்தான்னு அப்பதான் நிக்கும்" என்றார். மருந்தக்கா தன்னுடைய பழைய மருந்துக்கடை அடையாள அட்டையை உள்ளே போட்டாள். அதில் அவளுடைய போட்டோ இருந்தது. போட்டோவுக்குக் கீழே போன் நம்பரும் இருந்தது. நம்பர் இருந்தால் எடுத்தவன் போன் செய்யக்கூடும் என்பது அந்த நான்கு தலைகளில் ஒன்றுக்கும் உறைக்கவில்லை. திருடனை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம் பெயின்டர் வந்தான்.

மருந்தக்கா வீட்டு மாடியில், ஹால் ஜன்னலில் அமீனா, விசில் சகிதம். படுக்கையறை ஜன்னலில் மருந்தக்கா. கீழே, டிரைவிங் ஸ்கூல் காருக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி கிளட்சும் ஜிம் மாஸ்டரும். சத்தம் வரக்கூடாது என்பது அமீனாவின் உத்தரவு, அதனால் எல்லோருடைய போனும் வாயடைத்துக் கிடந்தது.

பக்கத்துத் தெருவில் ஏதோ ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் போலிருக்கிறது. தலைமுடியிலும் புருவத்திலும் வெள்ளைப் புள்ளிகள், கையில் காலி டிபன் டப்பா. மதிலருகே நின்று, டப்பாவை மேலே வைத்துவிட்டு, சட்டையால் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்தபோதுதான் பையைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். மருந்தக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எடுடா, எடுடா என்று சாமி கும்பிடுகிற மாதிரி முணுமுணுத்தாள்.

எடுத்தான். திறந்தான். அட்டையை வெளியே எடுத்து, கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்தான். வெயில் அட்டையில் பட்டுக் கூசியிருக்க வேண்டும். பையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க மர நிழலுக்கு நடந்தான்.

"நகந்துட்டான்," என்றார் அமீனா ஹாலிலிருந்து, அடக்கிய குரலில். "எடுத்துட்டு நகந்துட்டாம்மா. அவ்வளவுதான், ஆச்சு." வெயிலுக்கு ஒதுங்கியது சட்டப்படி திருட்டாகிவிட்டது.

நிழலில் நின்று அவன் தன் போனை எடுத்தான். அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். காதில் வைத்தான். மருந்தக்காவின் உள்ளங்கையில் போன் நடுங்கியது. தெரியாத நம்பர்.

அவளுக்கு உடனே புரிந்தது. அப்போது புரியவில்லை என்று பிற்பாடு எத்தனையோ விதமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. கீழே போனைக் காதில் வைத்து நிற்கிறவனையும் கையில் துடிக்கிற போனையும் அவள் ஒரே பார்வையில் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் துண்டித்தாள்.

அவன் போனைக் காதிலிருந்து எடுத்து உற்றுப் பார்த்தான். மறுபடியும் அடித்தான். மறுபடியும் துடித்தது. இந்த முறை அவள் துண்டிக்கக்கூட இல்லை. போனை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். இவனும் நல்லவனாகிப் போய்விட்டால் இன்னும் எத்தனை ஞாயிறு காத்துக் கிடப்பது என்று அவளுக்கு வயிறெரிந்தது. பையைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, அவள் தருகிற ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு இவன் போய்விடுவான். அப்புறம் அவள் கைக்கு யார் பதில் சொல்வது? ஒருவன் அடி வாங்குவதை அவள் பார்த்தே ஆக வேண்டும். அது இவனாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அமீனா விசிலை ஊதினார்.

அவள் படி இறங்கி வருவதற்குள் ஜிம் மாஸ்டர் அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தார். இத்தனை வருட உடற்பயிற்சிக்கும் ஒரு பலன் கிடைத்த பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். டிபன் டப்பா உருண்டு சாக்கடை ஓரத்தில் கிடந்தது.

"யாருக்குடா போன் போட்ட? கூட்டாளிக்கா?" பெயின்டரின் போனைப் பிடுங்கி மரத்தில் ஓங்கி அடித்தார் ஜிம் மாஸ்டர். அது சில்லு சில்லாகப் போனது.

"பைக்காரம்மாவுக்குங்க. உள்ள அட்டையில நம்பர் இருந்துச்சு. ரெண்டு தடவ அடிச்சேன், எடுக்கல. அவங்களையே கேட்டுப் பாருங்க."

"காதுல பூ சுத்துறான்," என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். ஆனாலும் கிளட்ச் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவருக்கு அப்போது இன்னும் கொஞ்சம் நிதானம் மிச்சமிருந்தது. ஊரே அவள் பக்கம் திரும்பியது.

"உனக்கு போன் ஏதாவது வந்துச்சா?"

போன் அவள் கையிலேயே இருந்தது. யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. பறிகொடுத்தவள், கை முறிந்தவள், தெருவுக்கே மாத்திரை கொடுக்கிறவள். அவள் வாயால் சொன்னால் போதும். பெயின்டர் தரையிலிருந்து கழுத்தை ஒடித்து அவளை அண்ணாந்து பார்த்தான். அட்டையில் இருந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இல்லையே," என்றாள். "எனக்கு ஒண்ணும் வரல."

அதற்குப் பிறகு யாருக்கும் நிதானம் தேவைப்படவில்லை. கூடி நின்றவரெல்லாம் ஆளுக்கொரு உதை விட்டார்கள். வாழ்நாளில் ஒருவரையும் கை நீட்டி அடித்திராத மளிகைக்கடைக்காரர்கூட, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து ஒரு மிதி மிதித்துவிட்டு, மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அமீனா மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"அடிக்காதீங்கப்பா. நான்தான் படிச்சுப் படிச்சு சொன்னேனே. ஓடாம இருக்கத் தேவையான பலம், அவ்வளவுதான் நமக்கு அனுமதி."

"ஓடாம இருக்கணும்னா என்ன சார் பண்ணணும்?" என்று ஜிம் மாஸ்டர் கேட்டார். கூட்டம் சிரித்தது. அமீனாவும் உதட்டோரம் சிரித்துவிட்டார். "நான் போலீஸுக்குப் போன் பண்றேன்," என்று முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார். ஜப்திக்குப் போகும் வீடுகளில் ஆட்கள் சாமானைத் தூக்கும்போது அவர் இப்படித்தான் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார்.

கிளட்ச் கார் டிக்கியைத் திறந்து, ஜாக்கி திருகுகிற இரும்பு ராடை எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் பெயின்டர் காலை மடக்கிக்கொள்ளப் பார்த்தான். "கால்ல வேணாங்க," என்றான். "எங்க வேணும்னாலும் அடிங்க. கால்ல மட்டும் வேணாம். ஏணி ஏறுற பொழப்புங்க." எங்கே அடிப்பது என்று முடிவு செய்யாமல் வந்தவருக்கு அவனே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டான். ஜிம் மாஸ்டர் கணுக்காலைப் பிடித்து இழுத்து நீட்டினார். கிளட்ச் முழங்காலில் போட்டார். உடைந்தது எல்லோருக்கும் கேட்டது. ஒரு தரம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அதே இடத்தில் இன்னொரு தரமும் போட்டார்.

மருந்தக்காவுக்கு அந்தச் சத்தம் குளுகுளுவென்று இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்திலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கரைந்து இறங்கியது. ஆனால் அது நீடிக்கவில்லை. பெயின்டர் மண்ணைப் பிறாண்டிக்கொண்டு கத்த ஆரம்பித்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று பார்த்தாள். பையின் சொந்தக்காரி இருந்தாக வேண்டும் என்று அமீனா நிறுத்திவைத்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது எல்லோரும் கை கட்டி, நல்ல பிள்ளைகளாக ஒதுங்கி நின்றார்கள். அமீனா முன்னால் வந்து, கண்ணால் பார்த்தது, எடுத்து நகர்ந்தது, உடனே தகவல் சொன்னது என்று கோர்ட்டில் சொல்வதுபோல் ஒழுங்காகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயின்டரின் காலைப் பார்த்தார்.

"பிடிச்சீங்க. சரி. பிடிக்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஆனா பிடிச்சதோட உங்க அதிகாரம் முடிஞ்சு போச்சுங்க ஐயா. கையில சிக்கின ஆள் மேல அப்புறம் விழுந்த அடி ஒவ்வொண்ணும் உங்க மேல தனிக் கேஸு. இது உங்களுக்குத் தெரியாதா?"

"ஓடப் பாத்தான் சார்."

"இந்தக் கால வெச்சுக்கிட்டா?"

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பெயின்டர் மறுபடியும் போன் கதையைச் சொன்னான். வலியில் வார்த்தை குழறியது, ஆனால் கதை மாறவில்லை. இன்ஸ்பெக்டர் மருந்தக்காவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். நல்லது சொல்கிற பெரிய மனிதர் தோரணையில் பேசினார்.

"இங்க பாருங்கம்மா. திருட்டு நிஜம்னா, ஏதோ ஜனங்க ஆத்திரத்துல கை வெச்சுட்டாங்கன்னு நான் எழுதிக்கலாம். திருட்டே இல்லன்னா, நீங்கல்லாம் சேந்து ஒரு அப்பாவியப் பிடிச்சு வெச்சுக் கால ஒடச்சிருக்கீங்க. உங்க வீட்டுக்காரர் திரும்பி வீட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க கிழவி ஆயிடுவீங்க. அதனால நல்லா யோசிச்சு சொல்லுங்க. உங்களுக்கு போன் வந்துச்சா?"

"வரல சார்."

"அக்கா, ரிங் போச்சுக்கா," என்றான் பெயின்டர் ஸ்ட்ரெச்சரிலிருந்து. வசவு எதுவும் இல்லை. மறந்துபோனவளுக்கு ஞாபகப்படுத்துகிறவன் மாதிரி சொன்னான். "ரெண்டு தடவ போச்சுக்கா."

இன்ஸ்பெக்டர் அவள் போனைக் காட்டச் சொல்லவில்லை. அந்த வட்டாரத்தில் பை பறிப்புப் புகார்கள் குவிந்து கிடந்தன, ஸ்டேஷனுக்கும் ஒரு திருடன் கிடைத்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் கிளட்ச் குளித்து, வேறு சட்டை மாற்றி, பசிக்கிறது என்று சமையலறைக்கு வந்தபோது மருந்தக்கா சொல்லிவிட்டாள். தனக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு, "போன் வந்துச்சுங்க" என்றாள்.

அவர் முதலில் புரியாதவர் மாதிரி பார்த்தார். புரிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"அடிப்பாவி. கேட்டேனேடி. எல்லார் முன்னாலயும் உன்னத்தானேடி கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஏன்டி இல்லன்ன?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது, ஆனால் சொல்லக்கூடிய பதில் இல்லை. அவர் இரவல் வாங்கிய கையைப் பார்ப்பதுபோலத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அமீனாவை அழைத்து வந்தார். அமீனா நடந்ததைக் கேட்டுக் கொஞ்சமும் பதறவில்லை.

"அழிச்சிட்டியாம்மா?"

"அழிச்சிட்டேன்."

"உன் போன்ல அழிச்சாலும் கம்பெனிக்காரன்கிட்ட இருக்கும். ஆனா கோர்ட்டு கேட்டாத்தான் குடுப்பான். கோர்ட்டு கேக்கணும்னா அவனுக்காக ஒருத்தர் வக்கீல் பிடிச்சு, மனு போட்டு, நாயா அலையணும். அப்படி அலையறதுக்கு அவனுக்கு யாரு இருக்கா?"

"பெண்டாட்டி இருக்காளாம்," என்றார் கிளட்ச். "ஆஸ்பத்திரியில பாத்தேன்னு ஜிம் மாஸ்டர் சொன்னாரு."

"அவ நம்பினாத்தானே அலைவா," என்றார் அமீனா. "நீங்க ரெண்டு பேரும் வாயத் திறக்காம இருங்க. திருட்டு நின்னாத்தான் நாம நிப்போம். அது விழுந்தா எல்லாரும் சேந்து விழுவோம். நான் உட்பட." கிளம்பும்போது வாசலில் நின்று, அடுத்த ஞாயிறு பையை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

பெயின்டரின் மனைவி மருந்துக்கடைக்கு வந்தது, அவன் ஜாமீனில் வீடு திரும்பிய பிறகு ஒரு மத்தியானம். மருந்தக்காவுக்கு அவளைத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கிப் பார்த்து, வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, "சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்கம்மா. வெறும் வயித்துல வேணாம்" என்றாள்.

"நீங்கதானேக்கா மருந்தக்கா?"

"ஆமா."

"என் வீட்டுக்காரர்தான் பெயின்டர்."

முதலாளி உள்ளறையில் சரக்குப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. மருந்தக்கா மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. ஏதோ ஒரு ஆபீஸில் டீ கொடுத்து, மேஜை துடைக்கிற வேலை. அதற்கான நீலக் கோட்டோடு நேராக வந்திருந்தாள். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சண்டைக்கு வரலக்கா. கேஸு எப்படிப் போகுதோ போகட்டும். போலீஸு, கோர்ட்டு எதுவும் எனக்கு வேணாம். என் பிள்ளைங்க மேல சத்தியமா சொல்றேன், நீங்க சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கு போன் வந்துச்சா?"

மருந்தக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து அவளிடம் நீட்டினாள்.

"ஏன் கேக்கறேன்னா, அவருக்கு முன்ன கொஞ்சம் கை நீளம்க்கா. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு. பெரியவன் பொறந்த புதுசுல எங்கண்ணன் வாட்ச எடுத்துட்டாரு. பெரிய ரகளையாச்சு. இனிமே அடுத்தவங்க பொருளத் தொட மாட்டேன்னு பெரியவன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு. அப்புறம் தொடல. அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப கால நீட்டிப் படுத்துக்கிட்டு, எடுத்துக் குடுக்கத்தான்டி போனேன், போன் கூட அடிச்சேன்டின்னு இதையே திருப்பித் திருப்பி சொல்றாரு. கண்ண மூடினா நம்பலாம் போல இருக்கு. திறந்தா வாட்சு ஞாபகம் வருது."

தெருவைக் காட்டினாள். கடைக்கு எதிரே ஒரு ஆட்டோ நின்றது. உள்ளே தடித்த ஒரு ஆள் உட்கார்ந்து, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணன்தான். திருடனோட வாழ்ந்தது போதும், பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கிளம்புன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். நான்தான், பைக்காரம்மாவ ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்னு இறங்கினேன். வந்துச்சுன்னு நீங்க சொன்னா, எங்கண்ணனை அப்படியே திருப்பி அனுப்பிட்டு வீட்டுக்குப் போறேன். அவரு நடக்க முடியாட்டி பரவால்ல. நான் வெச்சு சோறு போடுவேன்."

மருந்தக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வந்தது என்ற ஒரே சொல். இவள் சொல்ல மாட்டாள். பார்த்தாலே தெரிகிறது, வாக்குத் தவறாத முகம். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் இவள் வீட்டில் அடுப்பெரியும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

திறந்த வாயில் வேறு யோசனைகள் ஏறிக்கொண்டன. இன்றைக்கு இவள் சத்தியம் செய்கிறாள். நாளைக்கு அவன் வலியில் துடிக்கும்போது, ஏணி மூலையில் தூசு பிடித்துக் கிடக்கும்போது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் திருடன் மகன் என்று சொல்லும்போது இதே சத்தியம் நிற்குமா? உண்மை என்று தெரிந்த பெண்டாட்டி சும்மா இருப்பாளா? நாயாக அலைவாள். மனு போடுவாள். கம்பெனிக்காரன் எடுத்துக் கொடுத்துவிடுவான். ராடு பிடித்த கை உள்ளே போகும், பின்னாலேயே பொய் சொன்ன வாயும் போகும்.

இவ்வளவும் கணக்கு. கணக்குக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இந்தப் பெண் தன்னை இப்படி நம்பிக்கொண்டு வந்து நிற்பது மருந்தக்காவுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால், காறித் துப்பியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். ஊரெல்லாம் விட்டுவிட்டு, நியாயம் கேட்க இவளிடமே வந்து கை கட்டி நிற்கிறாளே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வரலம்மா," என்றாள்.

பெயின்டரின் மனைவி தலையை ஆட்டினாள். அத்தோடு விட்டிருக்கலாம். மருந்தக்கா விடவில்லை.

"ஒரு தடவ கூட வரல. அன்னைக்கு ஜன்னல்ல நின்னு நானே என் கண்ணால பாத்தேன். பைய எடுத்தாரு, உள்ள என்ன இருக்குன்னு கிளறிப் பாத்தாரு, வேகமா நடையக் கட்டினாரு. யாருக்கோ போன் பண்ணி சிரிச்சுப் பேசிட்டிருந்தாரு. அதையும் பாத்தேன்."

"சிரிச்சுப் பேசினாரா?"

"ஆமா."

அந்தப் பெண் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்து, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க பொய் சொல்றதுக்கு என்னக்கா அவசியம் இருக்கு," என்றாள். "சொல்றதுக்கு உங்களுக்கே சங்கடமாத்தான் இருந்திருக்கும். உடைச்சு சொன்னீங்களே, அதுவே போதும். இல்லன்னா நான் பாட்டுக்கு அவரக் குளிப்பாட்டி, ஊட்டி விட்டுக்கிட்டு ஏமாந்து கெடந்திருப்பேன்."

மேஜைமேல் இருந்த வலி மாத்திரை அட்டையை ஒற்றை விரலால் மருந்தக்கா பக்கம் தள்ளினாள்.

"இது வேணாம்க்கா. வலிச்சா வலிக்கட்டும்."

அவள் தெருவைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறினாள். அண்ணன்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆட்டோ வலது பக்கம் திரும்பி, அவர்கள் குடியிருக்கும் பக்கமாகப் போனது. பிள்ளைகளை அழைத்துக்கொள்ளத்தான் போகிறார்கள் என்று மருந்தக்காவுக்குத் தெரிந்தது. படுக்கையில் கிடப்பவன் இரண்டு தடவை ரிங் போனதை அவர்களிடமும் சொல்வான்.

சரக்குப் பெட்டியைப் பிரித்து முடித்து முதலாளி வெளியே வந்தார். மேஜைமேல் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"என்னம்மா, வாங்க வந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல சார்," என்றாள் மருந்தக்கா. "தேவையில்லையாம்."